லினக்ஸில் இசை நிரலாக்கம்: எந்த ஒலி அமைப்பு? கேள்வி பதில்

மஞ்சக்குப்பம், கடலூர்: நிரல் எழுதி இசை உருவாக்கும் சூப்பர்கொலைடர் மென்பொருளைக் கற்கத் தொடங்கியிருக்கிறேன். அல்சா, பல்ஸ்ஆடியோ, ஜாக், பைப்வயர் ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

இவை நான்கும் ஒரே வரிசையில் வைத்து ஒன்றை எடுப்பதற்கானவை அல்ல. அல்சா, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வருவது. ஒலி அட்டையை இயக்குவது அதுதான். மற்ற மூன்றும் அதன் மேல் இயங்கி, நிரல்களின் ஒலியை அதனிடம் சேர்ப்பவை. சூப்பர்கொலைடரின் ஒலி சேவையகம் (ஒலியை உருவாக்கும் பகுதி) லினக்ஸில் ஜாக்கை எதிர்பார்க்கிறது. அந்த ஜாக் இடைமுகத்தைப் பைப்வயர் தானே வழங்குகிறது. லினக்ஸ் வகைகளில், ஃபெடோராவில் 34ஆம் பதிப்பிலிருந்தும் உபுண்டுவில் 22.10இலிருந்தும் பைப்வயரே இயல்பான ஒலி அமைப்பு. ஆகவே அதற்குரிய ஜாக் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பைப்வயர் ஓடும் கணினியில் தனி ஜாக் சேவையகத்தையும் ஓடவிடாதீர்கள். இரண்டும் ஒரே அட்டைக்குப் போட்டியிடும்.

லாஸ்பேட்டை: பஃபரை (ஒரே தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை) 64 ஆகக் குறைத்தால் ஒலி வெட்டி வெட்டி வருகிறது. வேகமான கணினி வாங்க வேண்டுமா? விசைப்பலகையோ மைக்கோ என்னிடம் இல்லை. பேட்டர்ன்கள், அதாவது சுர வரிசையை விவரிக்கும் நிரல்கள், மட்டும் எழுதுகிறேன்.

வாங்க வேண்டாம். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வீதத்தில் 64 என்பது 1.3 மில்லிநொடி தாமதம், 256 என்றால் 5.3, பைப்வயரின் இயல்பான 1024 என்றால் 21.3. இந்த எண்ணைக் குறைப்பதே பலருக்கு இலக்காகிவிடுகிறது. சூப்பர்கொலைடரின் பேட்டர்ன்களோ ஒவ்வொரு சுரத்தையும் நேரமுத்திரையிட்டு, இயல்பாக 0.2 நொடி முன்கூட்டியே சேவையகத்துக்கு அனுப்புகின்றன. அதாவது, 200 மில்லிநொடி தாமதத்தைத் தாமாகவே ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகத் துல்லியமான தாளத்தைப் பெறுகின்றன. அப்படியிருக்க, 20 மில்லிநொடியைக் குறைத்து உங்கள் காதுக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. வெட்டு ஒலி மட்டுமே கிடைக்கும். 1024இலேயே விட்டுவிடுங்கள்.

வில்லியனூர்: பைப்வயர் ஓர் இடைத்தரகர். உண்மையான ஜாக்கே சிறந்தது என்று ஏன் நேர்மையாகச் சொல்லக் கூடாது?

இடைத்தரகர் என்பது தவறு. பைப்வயர் ஜாக்கின் மேல் அமர்ந்து இயங்குவதில்லை. ஜாக்கின் நிரலகத்துக்குப் பதிலாகத் தன்னுடையதை வைக்கிறது.

முத்தியால்பேட்டை: வில்லியனூர் நண்பர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மேடையில் பைப்வயரின் பஃபர் தானாக மாறுகிறது.

மாறும், உண்மைதான். ஒவ்வொரு நிரலும் கேட்பதற்கேற்ப அது பஃபரை மாற்றிக்கொள்ளும். விரும்பினால் ஒரே அளவில் கட்டிப்போடவும் முடியும். இசைக்கென்றே ஒதுக்கிய கணினியில், உலாவியின் ஒலியே தேவைப்படாதவருக்கு, தனி ஜாக் இன்றும் மிக நல்ல தேர்வு. அதை நான் மறுக்கவில்லை. ஒரே மடிக்கணினியில் பாடக் காணொளியையும் கேட்டுக்கொண்டு நிரலும் எழுதும் மாணவருக்கு அதைப் பரிந்துரைப்பதைத்தான் மறுக்கிறேன்.

நெல்லிக்குப்பம்: புளூடூத் ஹெட்போன் போதுமா?

கேட்க மட்டும் போதும், ஒலி தாமதமாக வருவதால் வாசிக்கப் போதாது. கம்பியுள்ளதை வாங்குங்கள்.

அரியாங்குப்பம்: விலை உயர்ந்த புளூடூத் ஹெட்போன் என்றால்?

விடை அதேதான்.

திருப்பாப்புலியூர்: சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு இயக்கினால் வெட்டு ஒலி நிற்கிறதே?

அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் பயனர் கணக்கை ஆடியோ குழுவில் சேர்த்து, அக்குழுவுக்கு நிகழ்நேர முன்னுரிமை (மற்ற வேலைகளுக்கு முன் ஒலியைக் கவனிக்கும் அனுமதி) வழங்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் தேடும் பலன் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

வில்லியனூர்: எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?

ஸ்பீக்கர் என் துறையன்று. கடையில் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

முத்தியால்பேட்டை: மிருதங்கத்தின் அருகே மைக் வைத்து, பியூர் டேட்டா என்ற ஒலி நிரலாக்க மென்பொருளில் அந்த ஒலியை உடனுக்குடன் மாற்ற விரும்புகிறேன்.

இங்குதான் பஃபர் முக்கியம். அடி விழுந்ததற்கும் மாற்றிய ஒலி வருவதற்கும் இடையே இடைவெளி கூடினால், வாசிப்பவரின் கை தடுமாறும். 128இல் தொடங்கி, பைப்வயரின் டாப் (pw-top) கட்டளையில் பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் 256க்குச் செல்லுங்கள். பஃபர் கணக்கு மட்டும் முழுத் தாமதமாகாது. யுஎஸ்பியும் ஒலி மாற்றிகளும் தம் பங்கைச் சேர்க்கும். மைக் இணைக்கும் ஒலி அட்டையின் வெளியீட்டையும் உள்ளீட்டையும் ஒரு கம்பியால் இணைத்து, ஜாக்கோடு வரும் தாமதமானியை (jack_iodelay) இயக்கினால் உண்மை அளவு தெரியும். மேடையில் பியூர் டேட்டா மட்டும்தான் ஓடும் என்றால் அல்சாவை நேரடியாகவே பயன்படுத்தலாம். அட்டை அந்த ஒரு நிரலுக்கே முழுமையாகக் கிடைக்கும்.