மாமா சொல்லும் சீட்டும் மகள் கைக்கு ஏற்ற பட்டறையும்

அண்ணாச்சி, உங்கள் கடிதமும் பிள்ளை தன் கையால் எழுதிய பக்கமும் கிடைத்தன. பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது, அவள் மாமா சொல்லும் சீட்டை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டாள். 600க்கு 438. வீரவநல்லூரில் ஒரு வீட்டில் கொத்தனார் அப்பாவும் பீடி சுற்றும் அம்மாவும் இருந்து, ஒரு நாள் கூட டியூஷனுக்கு அனுப்பாமல், அரசுப் பள்ளியிலேயே படித்து வந்த மார்க் இது. முதலில் அதைக் கொண்டாடிவிடுங்கள். டீச்சர்மார் வீட்டுக்கு ஒரு சீப்பு பழம் வாங்கிக்கொண்டு பிள்ளையோடு போய்வாருங்கள். அதற்கப்புறம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம்.

அவளுடைய தாய்மாமன் சென்னையிலிருந்து சொல்லும் கணக்கு இது: தனியார் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆண்டுக்கு எல்லாம் சேர்த்து 1,50,000 ரூபாய், "லோன் போட்டுக்கிடலாம், பிள்ளை சம்பாதிச்சு அடைச்சிருவா." இந்த இடத்தில் சமாதானமாகப் பேச எனக்கு மனசு வரவில்லை. நான்கு ஆண்டுக்கு 6 லட்சம். 10 சதவீத வட்டி என்று வைத்தால், படிப்பு முடிந்து ஓராண்டு வரை தனிவட்டியே 2,10,000 ஏறிவிடும். ஆக 8,10,000. அதை ஏழு ஆண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 13,400 ரூபாய். அடைத்து முடிக்கும்போது கையை விட்டுப் போனது 11 லட்சத்துக்கு மேல். பீடிக்கூலி மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு வேலை கிடைக்கத் தாமதமான ஒவ்வொரு மாதமும் அந்தத் தவணை உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். கல்விக்கடனில் பெற்றோரும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர்கள்தான். அதிலும் மேனேஜ்மென்ட் சீட்டு என்றால் பல வங்கிகள் கையை விரிக்கும். அப்புறம் நகை, அப்புறம் வீட்டுப் பத்திரம். அந்த வரிசையைத் தொடங்கவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அவளுக்கு மட்டும் கம்ப்யூட்டர் மேல் ஆசை இருந்தால் அந்த வழியில் போகட்டும் என்று இதே பேப்பரில் எழுதியிருப்பேன். கணக்கு 71, இயற்பியல் 66, வேதியியல் 70. கணக்கை முழுதாகவும் மற்ற இரண்டைப் பாதியாகவும் கூட்டினால் கட்-ஆஃப் 200க்கு 139. மாமா சொல்லும் அந்தக் கல்லூரி அந்தக் கட்-ஆஃபில் வராது என்பதால்தான் பணம் கொடுத்து வாங்கச் சொல்கிறார். ஆனால் பிள்ளை தன் கையால் எழுதிய பக்கத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே இல்லை. வீட்டு மிக்சியில் கார்பன் பிரஷ் மாற்றியது, பக்கத்து வீட்டு மோட்டாரில் கண்டென்சர் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தது, லேபில் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட்டைக் கையில் கொடுத்த பிசிக்ஸ் டீச்சருக்கு நன்றி, இவைதான் இருக்கின்றன. கடைசி வரி: "அம்மா எனக்காக இவ்வளவு செஞ்சதுக்கு நான் இன்ஜினியர் ஆகணும்லா."

அந்த வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. நன்றிக்கடனைக் கல்விக்கடன் வாங்கி அடைக்கப் பார்க்கிறாள் பிள்ளை. அம்மா அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: நீ எனக்குத் திருப்பித் தர வேண்டியது எதுவும் இல்லை, உனக்குப் பிடித்த வேலையைக் கற்றுக்கொள் என்று. அம்மா சொன்னால்தான் அவள் நம்புவாள்.

இனி, உங்கள் சொந்தத்தில் யாரும் பேச்சுக்குக் கூட எடுக்காத வழிக்கு வருகிறேன். திருநெல்வேலி பேட்டையில் இருக்கும் அரசு ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம். எலக்ட்ரீசியன் டிரேடு (தொழிற்பிரிவு), இரண்டு ஆண்டு.

"பத்தாவது தேறாத பயலுவ போற எடத்துக்கு பொம்பளப் புள்ளையா" என்று மாமா கேட்பார். எலக்ட்ரீசியனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான் தகுதி. பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்துவிட்டு உள்ளே போகிறவளுக்கு, ஓம் விதியிலேயே முட்டி நிற்கும் முதல் மாதங்கள் சுலபமாக நகரும். மீதிக் கவனத்தைக் கைவேலைக்குக் கொடுக்கலாம்.

அங்கே என்ன சொல்லித் தருவார்கள் என்று தெரியாததால்தான் இளக்காரம் வருகிறது. முதல் ஆண்டில் வயர் தோல் உரிப்பதிலிருந்து தொடங்கும். உள்ளே கம்பியில் கத்தி பட்டு ஒரு கீறல் விழுந்தாலும் அந்த வயரை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி உரிக்கச் சொல்வார்கள், ஏனென்றால் பின்னாளில் அந்தக் கீறலில்தான் கம்பி ஒடியும். பிறகு ஜாயின்ட்டுகள். பிரிட்டானியா ஜாயின்ட் என்று ஒன்று: இரண்டு செம்புக் கம்பிகளைச் சுத்தமாகத் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி வைத்து, ஈயம் பூசிய மெல்லிய கம்பியை இடைவெளி விடாமல் வரிசையாகச் சுற்றி, மேலே சால்டர் ஓட்ட வேண்டும். சுற்று நெருக்கமில்லையென்றால் இணைப்பு சூடாகும். அம்மா பீடி சுற்றும் விரல்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த நெருக்கம் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்து எர்த் குழி, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் குழி. கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, நடுவில் குழாய் இறக்கி, எர்த் டெஸ்டர் வைத்து ரீடிங் எடுப்பது. நம் பக்கம் கோடையில் மண் காய்ந்ததும் எர்த் வேலை செய்யாமல் போவது ஏன், குழிக்கு ஏன் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே கையோடு புரியும். வீட்டு வயரிங் முடித்ததும் 500 வோல்ட் மெக்கர் என்ற கருவியை வைத்து, கரண்ட் கசியாமல் வயரின் இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள், குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். நம்மூரில் புது வீட்டுக்குச் சப்ளை கொடுக்கும் முன் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்?

இரண்டாம் ஆண்டுதான் அவளுக்குப் பிடித்த ஆண்டாக இருக்கும். மூன்று ஃபேஸ் மோட்டார், ஸ்டார்ட்டர்கள், வைண்டிங், கன்ட்ரோல் பேனல், இன்வெர்ட்டர், சோலார். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார், டெல்டா இரண்டும் மோட்டாரின் மூன்று சுருள்களை இணைக்கும் முறைகள். 415 வோல்ட் லைனில் மோட்டாரை முதலில் ஸ்டாரில் ஓட்டினால் ஒவ்வொரு சுருளுக்கும் 415ஐ ரூட் 3ஆல் வகுத்த 240 வோல்ட்தான் கிடைக்கும், லைனில் இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மோட்டார் வேகம் பிடிக்கும் முன் டெல்டாவுக்கு மாற்றினால் அந்தச் சேமிப்பெல்லாம் ஒரே அடியில் போய்விடும், ஃபியூஸும் போகும். வயற்காட்டு மோட்டார் எரிவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அவசரமும் உண்டு. பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த ரூட் 3 எதற்கு வந்தது என்று அன்றைக்குத் தெரியும்.

செலவு? அரசு ஐடிஐயில் படிப்புக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, ஷூ, புத்தகம், வரைபடக் கருவிகள், சைக்கிள், பஸ் பாஸ். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். ஐடிஐயும் அதில் சேர்த்தி. அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதல்லவா? அதை வைத்து மத்திய அரசின் தொழிலாளர் நல அமைப்பு தரும் கல்வி உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு இதைக் கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் எத்தனையோ. போக்குவரத்துக்கு வீரவநல்லூரிலிருந்து செங்கோட்டை லைன் ரயில் இருக்கிறது, பேட்டையிலேயே ஸ்டேஷன். வகுப்பு நேரத்துக்கு ஒத்துவருகிறதா என்று ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு சீசன் டிக்கெட் எடுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, தாமதம். பொறியியல் கலந்தாய்வைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தால் எலக்ட்ரீசியன் நிறைந்துவிடும். ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு பயிற்சிப் பிரிவுக்கு, 20 இடம்தான். விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய், அறிவிப்பு வந்த வாரமே போட்டுவிடுங்கள், விருப்ப வரிசையில் எலக்ட்ரீசியனை முதலில் வையுங்கள். இரண்டு, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் என்று இருந்தால், முடிக்கும்போது தேசியத் தொழிற்சான்றிதழில் சிக்கல் வரும், வேலைக்குப் போகும் இடத்தில் அலைக்கழிப்பார்கள். சேரும் முன்பே ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்துங்கள். மூன்று, வருகை. 80 சதவீதம் இல்லையென்றால் தேர்வு எழுத விடமாட்டார்கள். கல்யாணம், கொடை, கோயில் என்று வாரத்தில் ஒரு நாள் நிறுத்தி வைக்கும் பழக்கத்தை வீட்டில்தான் விட வேண்டும்.

கஷ்டமும் உண்டு. பட்டறையில் பெண் பிள்ளைகள் கையளவுதான் இருப்பார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை. இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

முடித்தபின் எங்கே? இந்த மாவட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், டெக்னீசியன்-பி பணிக்குப் பத்தாம் வகுப்பும் ஐடிஐயும்தான் கேட்பார்கள், அடிப்படைச் சம்பளமே 21,700 ரூபாயில் தொடங்குகிறது. கூடங்குளம் போன்ற அணுமின் நிலையங்களுக்கு எடுக்கும் பயிற்சி டெக்னீசியன் வேலையில் பராமரிப்புப் பிரிவுக்கு ஐடிஐ, இயக்கும் பிரிவுக்குப் பிளஸ் டூ அறிவியலில் 50 சதவீதம். இவளுக்கு இரண்டு கதவும் திறந்திருக்கும். வயது 18 முதல் 24. முதல் தேர்வில் 50 கேள்வி, ஒரு மணி நேரம்: கணக்கு 20, அறிவியல் 20, பொது அறிவு 10. சரிக்கு 3 மார்க், தப்புக்கு 1 கழியும், ஆகவே குருட்டாம்போக்கில் குறிக்கக் கூடாது. உயரம் 160 செ.மீ., எடை 45.5 கிலோ என்று உடல்தகுதியும் கேட்பார்கள், இப்போதே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) பணிக்கு வெறும் பிளஸ் டூ போதாது, ஐடிஐ இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஈபியில் கள உதவியாளர் பணிக்கு இதே சான்றிதழ். கயத்தாறு, ராதாபுரம் காற்றாலைகளின் பராமரிப்பு தனி உலகம்.

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் சோலார் தொழிற்சாலை இருக்கிறதே, பிளஸ் டூவோடு நேரே அங்கே போகலாமே என்று யாராவது சொல்வார்கள். லைன் ஆபரேட்டர் வேலைக்கு உடனே சம்பளம் வரும், உண்மைதான். ஆனால் மெஷின் நின்றால் கூப்பிடுவது பராமரிப்பு டெக்னீசியனை. அந்த இடத்துக்குப் போகத்தான் இந்த இரண்டு ஆண்டு.

அப்போதும் அவளுக்கு இன்ஜினியர் ஆசை இருந்தால் வழி அடைபடவில்லை. ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம். காலம் கூடும், மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு சான்றிதழும் சம்பாதிக்கும் தொழிலும் இருக்கும், கடன் இருக்காது.

மாமாவிடம் நீங்களே பேசுங்கள் அண்ணாச்சி, பிள்ளையைப் பேச விடாதீர்கள். 13,400 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதற்கு முன் ஒரு வேலைநாள் காலையில் அவளைப் பேட்டைக்குக் கூட்டிப்போய், எலக்ட்ரீசியன் பட்டறையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளே போனதும் நீங்கள் வாசல் பக்கம் நின்றுகொள்ளுங்கள், கேள்விகளை அவள் கேட்கட்டும்.