பிரெஞ்சு வெங்காய சூப் வீட்டில் செய்தால் ஏன் வெளிறிப்போய், தண்ணியாக வருகிறது?

அரை மணி நேரம் வதக்கியும் நிறம் வரவில்லை, சர்க்கரை சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். சர்க்கரை போட்டால் நிறம் வரும், கூடவே சூப் பாயசம் மாதிரி இனிக்கும். உங்களுக்குப் போதாதது நேரம்தான்.

வெங்காயத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வற்றும் வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வெங்காயம் வேகுமே தவிர சிவக்காது. ‘பத்தே நிமிடத்தில் பொன்னிறம்’ என்று எழுதுகிற சமையல் குறிப்புகள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அதை நம்பிச் செய்தவர் தனக்குக் கைப்பக்குவம் இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார். ‘நடுத்தர வெங்காயம் ஐந்து’ என்று அளவு சொல்வதும் அதே ரகம். எடை போட்டுச் சொல்ல என்ன கஷ்டம்?

நான்கு பேருக்கு, தோலுரித்த வெங்காயம் 1 கிலோ. பிரான்சில் மஞ்சள் தோல் வெங்காயம் போடுவார்கள். நம்மூர் பெரிய வெங்காயமும் சரிதான், நிறம் கொஞ்சம் கூடுதலாகக் கருக்கும். வேரிலிருந்து முனை வரை நீளவாக்கில், 3 மி.மீ. கனத்தில் நறுக்குங்கள். குறுக்கே வெட்டினால் சீக்கிரம் குழைந்துவிடும்.

அடி கனமான, அகலமான பாத்திரம் வேண்டும். குக்கரின் அடிப்பாத்திரம் போதும். நான்ஸ்டிக் வேண்டாம், காரணம் கீழே வருகிறது. வெண்ணெய் 50 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி, வெங்காயம், முக்கால் தேக்கரண்டி உப்பு. மூடிபோட்டு மிதமான தீயில் 15 நிமிடம். வெங்காயம் தண்ணீர் விட்டு மளமளவென்று அடங்கிவிடும். பிறகு மூடியை எடுத்துவிட்டு இன்னும் 45 முதல் 60 நிமிடம். முதலில் அவ்வப்போது கிளறினால் போதும், கடைசி இருபது நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது.

அந்த நேரத்தில் பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டும். சூப்பின் ருசியே அதுதான், தீய்ந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மரக்கரண்டியால் சுரண்டினால் அது கரைந்து வெங்காயத்தில் ஏறும். மறுபடி ஒட்டட்டும், மறுபடி சுரண்டுங்கள். மூன்று நான்கு தடவை செய்தால் ஒரு கிலோ வெங்காயம் சுருண்டு, கரும்பழுப்பு நிறத்தில் பாத்திரத்தின் அடியில் ஒதுங்கிவிடும். நான்ஸ்டிக்கில் இந்தப் படலம் சரியாகப் பிடிக்காது. படலம் கருப்பாகிக் கசப்பு வாடை அடித்தால் சுரண்டாமல் வெங்காயத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். சமையல் சோடா போட்டால் வேகமாகச் சிவக்கும் என்பது உண்மை. ஆனால் வெங்காயம் கூழாகிவிடும், சூப்பில் இழை இழையாகக் கிடைக்காது.

இனி வேலை சுலபம். ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி இரண்டு நிமிடம் கிளறி, இனிப்பில்லாத வெள்ளை ஒயின் 150 மி.லி. விட்டு வற்ற விடுங்கள். ஒயின் இல்லாவிட்டால் அது பிரெஞ்சு சூப்பே இல்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். ஒயினிடம் நாம் முக்கியமாக எதிர்பார்ப்பது புளிப்பு. கடைசியில் ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்த்தாலும் இனிப்பு மட்டுப்படும். சூடான மாட்டெலும்பு ஸ்டாக் (எலும்பை வேகவைத்து வடித்த சாறு) 1.2 லிட்டர், தைம் என்னும் மூலிகை இரண்டு கொத்து, ஒரு பிரிஞ்சி இலை போட்டு 30 நிமிடம் சிறு தீயில் கொதிக்கட்டும். கோழி ஸ்டாக்கும் நன்றாக இருக்கும். கடையில் விற்கும் ஸ்டாக் கட்டியைக் கரைப்பதானால் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதிக் கட்டி போடுங்கள், வற்ற வற்ற உப்பு ஏறும்.

பாரிஸின் லே ஆல் சந்தையில் விடியற்காலையில் மூட்டை தூக்கியவர்களும், இரவுக் கேளிக்கை முடிந்து வந்தவர்களும் பசியாறிய சூப் இது. அந்தச் சந்தை 1969இல் பாரிஸுக்கு வெளியே உள்ள ருன்ஜிஸுக்குப் போய்விட்டது, சூப் அந்தப் பகுதி உணவகங்களில் தங்கிவிட்டது. சூப்பின் மேல் போடும் ரொட்டியும் சீஸும் வயிற்றை நிரப்பத்தான். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பகெட் என்னும் நீளமான பிரெஞ்சு ரொட்டியை 2 செ.மீ. துண்டுகளாக்கி 150 டிகிரி ஓவனில் 20 நிமிடம் மொறுமொறுவென உலர்த்துங்கள். ஈர ரொட்டி சூப்பில் விழுந்ததும் கரைந்துவிடும், சீஸும் கூடவே மூழ்கும். ஓவன் சூட்டைத் தாங்கும் கிண்ணத்தில் கொதிக்கும் சூப்பை ஊற்றி, மேற்பரப்பு முழுக்க ரொட்டியால் மூடி, கிண்ணத்துக்கு 40 கிராம் க்ரூயேர் அல்லது கோம்தே சீஸைத் துருவிப் போடுங்கள். துருவியே விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க மாவு கலந்திருக்கும், சரியாக உருகாது. காய்கறி ஸ்டாக்கில் செய்யும் சைவர்கள் கவனிக்க: அசல் க்ரூயேரில் பாலைத் திரிக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள்.

ஓவனில் மேல் கம்பி மட்டும் எரியும்படி வைத்து, சீஸ் கொப்புளித்து அங்கங்கே கருகும் வரை நான்கைந்து நிமிடம். மீதியைச் சேமிப்பதானால் வெறும் சூப்பாக ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். ரொட்டியும் சீஸும் சாப்பிடும் நேரத்தில் மட்டும்.