மிஷனரி குடும்பங்களில் அடுத்தடுத்த தலைமுறைகளும் அதே பணிக்கு வந்தது எப்படி?

பிள்ளைகள் தானாக வந்துவிடவில்லை. ஸ்கடர் குடும்பத்தைப் பாருங்கள். நியூயார்க்கில் மருத்துவராக இருந்த ஜான் ஸ்கடர் 1819-இல் மனைவி ஹேரியட்டுடன் இலங்கைக்குக் கப்பலேறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணி, 1836 முதல் சென்னை. மகன்கள் பலர் இந்தியாவிலேயே மிஷனரிகளானார்கள்.

கடைசி மகனின் மகள்தான் ஐடா. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரிப் பிள்ளைகள் அனுபவித்த பிரிவை நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பேன். அப்பா இந்தியாவில் இருக்க, அம்மாவும் அவரிடம் திரும்பிப் போனபோது ஐடா அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். அந்தச் சிறுமி இந்த வாழ்க்கையே வேண்டாம் என்று நினைத்ததில் என்ன வியப்பு?

அம்மாவுக்கு உடல்நலமில்லை என்று 1890-இல் திண்டிவனம் வந்தார், திரும்பிவிடும் எண்ணத்தோடுதான். ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். ஆண் மருத்துவரான அப்பாவை அனுமதிக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அதன்பின் அவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1900-இல் வேலூரில் சிறிய அளவில் சிகிச்சையைத் தொடங்கினார். இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) அதிலிருந்து வளர்ந்ததுதான். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை 1918-இல் ஆரம்பித்தார்.