பால்வெளியின் நடுவே ஒரு பட்டை: வாசகர் கேள்விகள்

பட்டைச் சுருள் பேரடை மற்றச் சுருள்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது? (மாணவி, உப்புவெளி)

பேரடை என்பது கோடிக்கணக்கான விண்மீன்களின் பெருந்தொகுதி; நம்முடையது பால்வெளி. சாதாரணச் சுருளில், வளைந்து செல்லும் கரங்கள் நடுக் குமிழின் (விண்மீன்கள் அடர்ந்து பருத்த மையப் பகுதியின்) அருகிலேயே தொடங்கும். பட்டைச் சுருளிலோ விண்மீன்களாலான நீண்ட பட்டை ஒன்று மையத்தைக் குறுக்கே கடந்து கிடக்கும். கரங்கள் அதன் இரு முனைகளிலிருந்து வளையும். இது அரிய வகையல்ல. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால், நமக்கு அண்மையிலுள்ள சுருள்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குப் பட்டை உண்டு.

பட்டை ஏன் கலைந்துபோவதில்லை? அதனால் என்ன நடக்கிறது? (ஆசிரியர், கிண்ணியா)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பட்டையிலுள்ள விண்மீன்கள் நீண்டு ஒடுங்கிய பாதைகளில் சுற்றுகின்றன. அப்பாதைகள் எல்லாம் ஒரே திசையில் நீண்டிருப்பதால் பட்டை உருக்குலையாமல் முழுதாகச் சுழல்கிறது. விண்மீன்கள் ஒன்றையொன்று மோதாமல் கடந்துவிடும். வாயு மேகங்களால் அது முடியாது. அவை மோதி, வேகமிழந்து, மையத்தை நோக்கி இறங்குகின்றன. என்ஜிசி 1365 பேரடையின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பட்டையின் நீளவாக்கில் கரிய தூசுக் கோடுகள் ஓடும். வாயு மோதி நெருக்குண்ட இடங்கள் அவை. இறங்கும் வாயு பல பேரடைகளில் மையத்தைச் சுற்றி வளையமாகத் தேங்கி, அங்கே புதிய விண்மீன்கள் கூட்டங்கூட்டமாகப் பிறக்கின்றன. பேரடையின் மையத்துக்குத் தீனி போடுவது பட்டைதான். கரங்களின் அழகில் மயங்கி இதைக் கவனிக்காமல் விடுவது பெரிய இழப்பு.

நம் பால்வெளிக்கும் பட்டை உண்டா? கோணேசர் கோவிலடியில் நின்றால் தெரியுமா? (வாசகர், திருகோணமலை)

உண்டு. ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளைக் கொண்டு 2005இல் அதன் நீளம் சுமார் 27,000 ஒளியாண்டு என மதிப்பிட்டார்கள். இடையே தூசு மறைப்பதால் பட்டை கண்ணுக்குப் புலப்படாது. திசையை மட்டும் பிடித்துவிடலாம். ஆடி மாதத்தில் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே பாருங்கள். மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடையே, சற்று மேலே, பால்வெளியின் மையம். அங்கிருந்து இடப்புறமாகத் திருவோணத்தை நோக்கி ஏறும் பகுதியில்தான் பட்டையின் நமக்கு அருகான முனை இருக்கிறது.

கண்ணால் காணக்கூடிய பட்டை ஏதும் இல்லையா? (அதே வாசகர்)

இருக்கிறது. பெரிய மெகல்லன் மேகம், ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டு தொலைவில். பட்டையும் ஒற்றைக் கரமும் கொண்ட சிறிய பேரடை. மாரி மழை ஓய்ந்த பெப்ரவரியில், இரவு எட்டு மணியளவில், கொட்டியாரக் குடாவுக்கு மேலே தெற்கு வானைப் பாருங்கள். அகத்தியர் (கனோபஸ்) விண்மீனுக்கு நன்கு கீழே, சற்று வலப்புறம், அடிவானிலிருந்து சுமார் 12 பாகை உயரத்தில் மங்கலான புகைபோலத் தெரியும். நிலவில்லாத இரவும் துறைமுக விளக்குகள் கண்ணில் படாத இடமும் வேண்டும். பைனாகுலரில் நீளமாகத் தெரியும் பிரகாசமான பகுதியே பட்டை.