சிவப்புச் சட்டைச் சனிக்கிழமை

வணக்கம்.

நான் வன்னியில், மல்லாவியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். உங்கள் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் தங்கையின் மகன் கனடாவில் வளர்ந்தவன். போன ஜூனில் அமெரிக்காவுக்குப் போய், ஒர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி பூங்காவில் சிவப்பு ரீசேர்ட் போட்ட பெருங்கூட்டத்துக்கு நடுவே நின்று எடுத்த படமொன்றைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டான். அது ஒருபாலீர்ப்பினர் கூடும் நாள் என்று பிறகுதான் விளங்கியது. குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

நான் அவர்களை வெறுப்பவன் அல்ல. ஆனால் கேட்கத் தோன்றுகிறது. டிக்கெற் வாங்கினால் எவரும் எந்த நாளும் பூங்காவுக்குள் போகலாம். சமத்துவம் கேட்பவர்களுக்குத் தனி நாள் எதற்கு? இங்கே எங்கள் பொடியள் தோளில் கைபோட்டுக்கொண்டு திரிகிறார்கள், ஆரும் ஒன்றும் கேட்பதில்லையே? அடுத்த வருடம் மருமகன் ஒரு நண்பனோடு ஊருக்கு வரப்போகிறானாம். நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், மல்லாவி

அன்புள்ள மாஸ்டர்,

ஒளிக்காமல் கேட்டிருக்கிறீர்கள், நன்றி. முதலில் அந்த நாள் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ‘தனி நாள்’ என்றதும், பூங்கா மற்றவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டு இவர்களை மட்டும் உள்ளே விடுகிறது என்று நினைத்துவிடுவோம். ஒர்லாண்டோவில் நடப்பது அதுவல்ல. 1991 ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை, அந்த ஊர் ஒருபாலீர்ப்பினர் சிலர் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனார்கள். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கச் சிவப்புச் சட்டை. டிஸ்னி நிறுவனம் அந்த நாளைக் கொடுக்கவுமில்லை, நடத்தவுமில்லை. எல்லோரும் சாதாரண டிக்கெற் வாங்கி, சாதாரண வரிசையில் நின்றுதான் உள்ளே போனார்கள். பக்கத்தில் பிள்ளைகுட்டிகளோடு வந்த மற்றச் சனமும் அதே ராட்டினத்தில்தான் ஏறியது. ஆகவே அது ஒதுக்கப்பட்ட நாள் அல்ல. ஒரே நாளில் எல்லோருமாக வருவது என்று அவர்களே எடுத்த முடிவு.

டிக்கெற் வாங்கினால் எவரும் போகலாம் என்கிறீர்கள். வாசலைக் கடப்பது வரைக்கும் அது சரி. 1980இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்டில் ஆன்ட்ரூ எக்ஸ்லர் என்ற 19 வயது இளைஞர் தன் ஆண் நண்பரோடு நடன மேடையில் ஆடினார். ஆணும் பெண்ணும் சோடியாக ஆடலாம், இரண்டு ஆண்கள் ஆடக்கூடாது என்பது அப்போது பூங்காவின் விதி. காவலர்கள் வந்து இருவரையும் வெளியே அனுப்பினார்கள். எக்ஸ்லர் வழக்குப் போட்டார். 1984இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. அந்த இருவரும் முழுக் காசு கொடுத்துத்தான் உள்ளே போயிருந்தார்கள், மாஸ்டர். காசு வாங்கும்போது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆடத் தொடங்கியபோதுதான் விதி வந்தது.

இதை வாசித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பூங்கா என்பது மனிதன் தன்னை மறந்திருக்கப் போகிற இடம். அங்கேயும் கை எங்கே இருக்கிறது, ஆர் பார்க்கிறார்கள் என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டே நிற்பவன், கொடுத்த காசுக்கு எதை அனுபவித்தான்?

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த சரியான பதிலை நான் முல்லைத்தீவுக் கடற்கரையில்தான் கேட்டேன். போரில் கால் இழந்தவர்கள் கொஞ்சப் பேர் ஒரு வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு வள்ளத்தோடு பொய்க்கால்களைக் கழற்றிச் சாத்திவிட்டு, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டும் மணலில் அரக்கி அரக்கியும் தண்ணீருக்குப் போனார்கள். வரிசையாகச் சாய்ந்திருந்த கால்களில் சிலவற்றில் செருப்பு மாட்டியபடியே இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் ஓடிவந்து கொஞ்ச நேரம் வாய் பார்த்தார்கள். பிறகு அலுத்துப்போய்த் தங்கள் பந்துக்குத் திரும்பிவிட்டார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் உங்கள் கேள்வியையேதான் கேட்டார்: “எல்லாரும் ஏன் ஒரே நாளில வந்தனீங்கள்? நினைச்ச நேரம் வந்து குளிக்கலாம்தானே?” ஈரத் துவாயோடு நின்ற ஒருவர் சொன்னார்: “தனிய வந்தால் சனம் என்ர காலைத்தான் பார்க்கும். இண்டைக்கு ஆற்ற காலைப் பார்க்கிறதெண்டு அவைக்கே தெரியேல்லை.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

கடல் அவருக்கு ஒருநாளும் தடைசெய்யப்பட்டிருக்கவில்லை. ஆனாலும் அவர் அத்தனை வருடமும் கடலில் இறங்கியதில்லை. அன்றைக்குப் பிறகு தன் பிள்ளைகளோடு தனியாகவும் வரத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். ஒருபாலீர்ப்பினர் கூடும் நாளிலும் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். ஒரு நாள் கூட்டமாகப் போனவன் மற்ற நாட்களில் தனியாகப் போகத் துணிகிறான். பார்த்துப் பார்த்துக் கண் பழகிய சனமும் தன் பாட்டைப் பார்க்கிறது.

எதிர்ப்பும் வராமல் இல்லை. தெற்கத்திய பாப்டிஸ்ட் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையார் 1997இல் டிஸ்னியைப் புறக்கணிப்பதென்று தீர்மானம் எடுத்தார்கள். இந்த நாளும் அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று. 2005இல் அந்தத் தீர்மானத்தை அவர்களே முடித்துக்கொண்டார்கள். இடையில் சிவப்புச் சட்டைக்காரரின் கூட்டம் பெருகித்தான் போனது. பிறகு ஒருபாலீர்ப்பினருக்காக நிகழ்ச்சி நடத்த நிறுவனமும் தானாகவே இறங்கியது: 2019இல் பாரிஸ் டிஸ்னிலாண்ட், 2023இல் கலிபோர்னியாவில் இரண்டு இரவுகள், தனி டிக்கெற்றோடு.

இந்தத் தனி டிக்கெற் விஷயத்தில் எனக்கு உங்களைப் போலவே தயக்கம் உண்டு. சனம் தானாகக் கூடுவது வேறு, நிறுவனம் இரவுக்கு ஒரு விலை போட்டு விற்பது வேறு. ‘உங்களுக்குத்தான் ஒரு இரவு தந்திருக்கிறோமே, மற்ற நாளில் அடக்கமாக இருங்கள்’ என்று ஆராவது சொல்லத் தொடங்கினால் அந்த இரவே வேலியாகிவிடும். ஒருபாலீர்ப்பினர் சிலரே, எங்களுக்கு நாள் வேண்டாம், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை பிள்ளைகளோடு நிம்மதியாகப் போய்வந்தால் போதும் என்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் இன்னும் கிடைத்துவிடவில்லை. அதே ஒர்லாண்டோ நகரில்தான் 2016 ஜூன் 12ஆம் திகதி, ஒருபாலீர்ப்பினர் கூடும் ஒரு இரவு நடன விடுதியில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து 49 பேரைக் கொன்றான். அதற்குப் பிறகும் அந்த ஊரில் ஜூன் மாதம் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிடுகிறவர்களைப் பார்த்து ‘இது தேவையா’ என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். பொடியள் தோளில் கைபோட்டுத் திரிவது உண்மைதான். இரணைமடுக் குளக்கட்டில் பின்னேரம் போய் நின்றால் சோடி சோடியாகப் பார்க்கலாம். ஒரே மோட்டார் சைக்கிளில் இடுப்பைக் கட்டிக்கொண்டு போவார்கள். அழகான பழக்கம், எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தச் சுதந்திரம் சிநேகிதத்துக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அந்த இருவரில் ஒருவன் ‘நான் இவனை விரும்புகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லட்டும், நேற்றுவரை ஒருவர் கண்ணிலும் படாத அதே கை அன்றிலிருந்து ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். சந்தியில் பகிடி, வீட்டில் அடி, அவசரக் கலியாணம், அதுவும் இல்லாவிட்டால் கொழும்புக்குப் போகும் பஸ். எனக்குக் கடிதம் எழுதுகிற வன்னிப் பிள்ளைகள் சிலர் இதையெல்லாம் கண்டவர்கள். பெயர் போட வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு கடிதமும் தொடங்கும்.

சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. 1883ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதிவைத்த தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள், ஒருபாலுறவைக் குற்றமாக்குபவை, இன்னும் எங்கள் தலைமேல் நிற்கின்றன. 1995இல் திருத்தினார்கள், ஆனால் நீக்கவில்லை. பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அதை நீக்கும் ஒரு தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தப் பாராளுமன்றம் அதை நிறைவேற்றாமலே 2024இல் கலைந்தது. இந்த நிலையில் வன்னியில் தனி நாள் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், இன்றைக்கு நாள் குறித்துச் சந்தியில் நிற்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அடி வாங்கப்போவது நான் அல்ல, அவர்கள். நிற்பதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியவர்களும் அவர்களே. நிற்கிறோம் என்று சொன்னால் நான் பக்கத்தில் போய் நிற்பேன்.

கடைசிக் கேள்வி, உங்கள் மருமகனைப் பற்றியது. ‘நண்பன்’ என்று அவன் சொன்னால் அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், தோண்ட வேண்டாம். அவனாகச் சொன்னால் கேளுங்கள். லொட்ஜில் அறை போட விடாதீர்கள். தேவையில்லாத கேள்விகள் வரும். வீட்டிலேயே இருவருக்கும் படுக்கை போடுங்கள். வைகாசியில் வந்தால் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூட்டிப்போங்கள், அந்தச் சனக்கடலில் ஒருவரும் ஒருவரையும் விசாரிப்பதில்லை. படம் எடுத்தால் முகநூலில் போடுவதா இல்லையா என்பதை அவர்கள் இருவரிடமும் விட்டுவிடுங்கள், சொந்தக்காரர் ஆரும் முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தங்கைக்கு ஊர்வாயை நினைத்துப் பயம் இருக்கும். அவவோடு முதலே ஒருதரம் உட்கார்ந்து கதையுங்கள். நீங்கள் மூத்தவர், படிப்பித்தவர். உங்கள் வாயிலிருந்து வந்தால் அவ கேட்பா.

ஆனால் அதற்கு ஒரு வருடம் இருக்கிறது. அந்தப் படத்துக்கு இன்னும் ஒருவரும் பதில் போடவில்லை என்கிறீர்கள். அவன் தெரியாத்தனமாக அதைக் குடும்பக் குழுவில் போட்டிருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். ஒருவராவது ஏதாவது சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பான். நீங்கள் போடுங்கள், மாஸ்டர், இன்றைக்கே, எல்லோரும் பார்க்கக்கூடியதாக அந்தக் குழுவிலேயே. ‘படம் நல்லாயிருக்கு, மருமகன். எந்த ராட்டினத்தில ஏறினீங்கள்?’ என்று கேட்டால் போதும்.