நைலுக்கு அடியில் ஒரு பள்ளம்

கேள்வி: ஆறு கடல்மட்டம் வரைதான் தரையை அறுக்கும் என்று படித்தேன். ஆனால் எகிப்தின் அஸ்வானில் நைலுக்கு அடியில் இருக்கும் பாறைப் பள்ளம் கடல்மட்டத்துக்கும் கீழே இறங்குகிறதாமே! அது எப்படி?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: நீங்கள் படித்தது சரிதான். எந்தக் காலத்துக் கடல்மட்டம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1960-ல் வேலை தொடங்கிய அஸ்வான் உயர் அணைக்காகத் துளை போட்டார்கள். இரு கரையிலும் கருங்கல். நடுவிலோ துளை இறங்கிக்கொண்டே போனது, பாறை தட்டவில்லை. கடல்மட்டத்துக்குச் சுமார் 200 மீட்டர் கீழேதான் அடிப்பாறை. அந்த இடுக்கில் கிடந்தது கடல் சேறு! மத்தியதரைக் கடலோ ஆற்று வழியில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். கண்டு சொன்னவர் சுமாகோவ் என்ற சோவியத் நிலவியலாளர்.

சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகள் நகர்ந்ததில் ஸ்பெயினுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே ஜிப்ரால்டர் பக்கம் தரை உயர்ந்து, அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குத் தண்ணீர் வரும் வழி அடைபட்டது. மத்தியதரைக் கடலில் ஆறும் மழையும் தருவதைவிட வெயில் குடிப்பது அதிகம். கடல் வற்றி ஒரு கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது; அடியில் உப்பு பாளம் பாளமாகப் படிந்தது.

கடல் இறங்கினால் முகத்துவாரத்தில்தானே ஆறு அறுக்க வேண்டும், அஸ்வான் வரை எப்படி? எங்கள் ஊர் ஆற்றில் ஒருமுறை பொக்லைன் வைத்து மணல் அள்ளி, இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி விட்டுப் போனார்கள். அடுத்த வெள்ளத்தில் குழியின் மேல்விளிம்பு சரிந்தது. அங்கே தண்ணீர் அருவி மாதிரி விழுந்தது, விளிம்பு இன்னும் பின்னால் போனது. வெள்ளம் வடிந்தபோது பாலத்துத் தூணின் அஸ்திவாரம் வெளியே தெரிந்தது. குழி இருந்ததோ பாலத்துக்கு வெகு கீழே! நைலும் அப்படித்தான் பின்வாங்கிப் பின்வாங்கி அறுத்தது. கருங்கல் என்றால் மெதுவாக, அவ்வளவுதான்.

அப்புறம், 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஜிப்ரால்டர் வழி திறந்தது. அட்லாண்டிக் உள்ளே பாய்ந்தது, நைலின் பள்ளத்தில் கடல் ஏறி அஸ்வான் வரை நீண்ட வளைகுடாவாக நின்றது. சேறு அப்போது படிந்தது. மேலே மூடியது நைலின் மணலும் வண்டலும்.

கிராண்ட் கேன்யனைப் பார்க்கச் செலவழித்து அமெரிக்கா போகிறோம். கெய்ரோவுக்குச் சற்று வடக்கே இந்தப் பள்ளம் கடல்மட்டத்துக்குச் சுமார் 2,500 மீட்டர் கீழே இறங்குகிறது, அதைவிட ஆழம். போனாலும் பார்க்க முடியாது. மேலே வயல்.