பழைய லேத்தை வீட்டில் வைத்தே சரிசெய்ய முடியுமா? பெட் தேய்ந்துவிட்டது, எடைக்குப் போடு என்கிறார்கள்

முடியும். ஆனால் பெட், அதாவது கடைசல் இயந்திரத்தின் பாகங்கள் உட்காரும் நீளமான அடித்தளம், தேய்ந்துவிட்டது என்று சொன்னவர் எதை வைத்து அளந்தார் என்று முதலில் கேளுங்கள். விரலால் தடவிப் பார்த்துச் சொன்னதாக இருந்தால் அதை நம்பி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கும் இதையேதான் சொன்னார்கள்.

அப்பா கோவை கணபதியில் முப்பது வருஷம் லேத்துப் பட்டறை நடத்தினார். பம்புகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைசல் பிடிப்பதுதான் முக்கிய வேலை. அவர் போன பிறகு வாடகை இடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. எல்லாம் விற்றுப் போனது. அவர் முதன்முதலில் வாங்கிய பஞ்சாப் பட்டாலாவில் செய்த நாலரை அடி லேத்தை மட்டும் நான் விடவில்லை. கோன் புல்லியும் பட்டை பெல்ட்டும் வைத்த பழைய மாடல். செயின் பிளாக் போட்டு இறக்கி, வீட்டு போர்டிகோவில் நிறுத்தி, நாலு காலையும் தரையில் போல்ட் போட்டு இறுக்கினோம்.

துருவை மண்ணெண்ணெயும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் வைத்தே எடுத்தேன். பெட்டில் எமரி தாளையோ கிரைண்டரையோ வைத்துவிடாதீர்கள். அந்தப் பொடி கேரேஜுக்கு (உளியைத் தாங்கிப் பெட்டின் மேல் நகரும் பாகம்) அடியில் புகுந்து மிச்சமிருக்கும் பெட்டையும் தின்றுவிடும்.

மோட்டார் 1 ஹெச்.பி., த்ரீ ஃபேஸ். வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். மோட்டாரை மாற்றச் சொன்னார்கள். டெர்மினல் பெட்டியைத் திறந்தால் ஆறு முனையும் வெளியே இருந்தது. முனைகளின் இணைப்பை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றி, சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் 230 வோல்ட் வி.எஃப்.டி. ஒன்று வைத்ததும் ஓடியது. உங்கள் மோட்டாரின் பெயர்ப் பலகையில் 230/415 என்று இருந்தால்தான் இது சரிவரும். இன்னொன்று, சக் (கடைய வேண்டிய பொருளைப் பிடித்துச் சுழலும் பிடி) மரையில் ஏறி நிற்கிற மாடலாக இருந்தால் வி.எஃப்.டி.யில் ரிவர்ஸையும் சட்டென்று நிற்கிற பிரேக்கையும் அணைத்து வையுங்கள். சக் கழன்று மேலே வரும்.

அப்புறம்தான் பிரச்சினை. 32 மி.மீ. ராடைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் (மறுமுனையைத் தாங்கும் பாகம்) இல்லாமல் 150 மி.மீ. நீளத்துக்கு லேசாகக் கடைந்தேன். இரண்டு முனைக்கும் 0.08 மி.மீ. வித்தியாசம். பார்க்க வந்த மெக்கானிக், "ஹெட்ஸ்டாக் பக்கம் பெட் போச்சுங்க, கிரைண்டிங் குடுத்தே ஆகணும்" என்றார். ஹெட்ஸ்டாக் என்றால் சக் இருக்கும் பக்கம்; கிரைண்டிங் என்றால் பெட்டைச் சாணை பிடித்துச் சமன் செய்வது. கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய லேத்தே வாங்கிவிடலாம். நான் அட்வான்ஸ் எடுத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் போர்டிகோவைக் கழுவினேன். தண்ணீர் லேத்துக்கு அடியில் கோணலாக ஓடி, கேட்டுப் பக்கத்து மூலைக்குப் போனது. மழைத் தண்ணீர் வடிய வேண்டுமென்று கொத்தனார் வாட்டம் வைத்துப் போட்ட தரை. நாலு காலும் ஒரே தளத்தில் உட்காரவே இல்லை. அதைப் போல்ட் போட்டு இறுக்கியது நான். அந்த இறுக்கத்தில் பெட் முறுக்கிக்கொண்டிருந்தது.

அப்பாவின் நண்பரிடம் மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டுகிற லெவலை இரவல் வாங்கினேன். கொத்தனார் மட்டம் இதற்குப் போதாது. பெட்டுக்குக் குறுக்கே ஹெட்ஸ்டாக் பக்கம் ஒரு ரீடிங், டெயில்ஸ்டாக் பக்கம் ஒரு ரீடிங். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். போல்ட்டைத் தளர்த்தி, காலுக்கு அடியில் தகடு வைத்து, மறுபடி இறுக்கி, மறுபடி பார்த்து, இரண்டு சாயங்காலம் ஆனது. அதே ராடைக் கடைந்தால் வித்தியாசம் 0.02 மி.மீ.தான்.

கிரைண்டிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜாப் ஒர்க் எடுப்பவர்களுக்கு என் அளவு போதாது, தெரியும். சக் பக்கம்தான் வேலை அதிகம் என்பதால் அங்கே தேய்மானம் இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருக்கிறது. அந்த இடத்துக்குச் சரியாக ஜிப்பை (கேரேஜின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டையை) இறுக்கினால் கேரேஜ் டெயில்ஸ்டாக் பக்கம் போகும்போது பிடிக்கிறது. கொஞ்சம் தளர்வாக விட்டிருக்கிறேன். வீட்டில் புஷ்ஷும் பின்னும் கடைய இது தாராளம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் கடையில் விட்வொர்த் (பழைய இங்கிலாந்து மரை) போல்ட் கேட்டால், "வீட்ல சார் இல்லீங்களா மேடம்? போன் போட்டுக் குடுங்க" என்கிறார்கள். மரை 55 டிகிரியா 60 டிகிரியா என்று சாரிடம் கேட்க வேண்டுமாம். அப்பாவும் தம்பியைத்தான் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். நான் டீ கொண்டுபோகிற சாக்கில் நின்று பார்த்துக் கற்றேன். எனக்கென்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "கண்ணு, சாவி சக்குல இருக்கற வரைக்கும் கையும் சாவிலயே இருக்கோணும்." சக்கை இறுக்கும் அந்தச் சாவியிலிருந்து இன்றைக்கும் கையை எடுப்பதில்லை.

உங்கள் லேத் எந்த மாதிரித் தரையில் நிற்கிறது, காலை போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறீர்களா? ஒரு ராடைக் கடைந்து இரண்டு முனை அளவையும் கருத்தில் எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பழைய இரும்புக் கடைக்காரரை வீட்டுப் பக்கம் வர விடாதீர்கள்.